காற்றில்லாத இடத்தில் கொடி ஆடுமா?

"காத்தே இல்லாத இடத்துல கொடி எப்படி ஆடும்?" நிலவுப் பயணம் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். அங்கே வீரர்கள் நட்ட அமெரிக்கக் கொடி படத்தில் ஆடுவது போலத் தெரிகிறது, அதனால் நிலவுக்குப் போனதே பொய், ஸ்டுடியோவில் எடுத்த படம் என்பதுதான் கேள்வியின் உட்பொருள். என் பெரியப்பா கேட்பார், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார், இயற்பியல் படித்த நண்பன்கூட ஒருமுறை கேட்டான். கேட்பவர்களை நான் முட்டாள் என்று நினைப்பதில்லை, நல்ல கேள்விதான். நிலவில் காற்று இல்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது, கொடி ஆடக் காற்று வேண்டும் என்பதும் தெரிகிறது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதோடு நிறுத்திவிடுவதுதான் சிக்கல்.

முதலில் கதைச் சுருக்கம், தெரியாதவர்களுக்காக. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 கலத்தில் போன நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கினார்கள். மைக்கேல் காலின்ஸ் மேலே சுற்றிக்கொண்டிருந்தார். பலரும் அந்த ஒரு பயணத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. 1972 டிசம்பர் வரை மொத்தம் 6 முறை இறங்கினார்கள், 12 பேர் நடந்தார்கள், கடைசி மூன்று பயணங்களில் ஜீப் மாதிரி ஒரு வண்டியையும் கொண்டுபோய் ஓட்டினார்கள். "எல்லாம் பொய்" என்ற பேச்சுக்குப் பெரிய அளவில் பிள்ளையார் சுழி போட்டவர் பில் கேசிங் என்பவர். ராக்கெட் எஞ்சின் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு 1963-லேயே வெளியே வந்தவர். 1976-ல் சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டார். இன்று நம் வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்விகளில் பாதி அவர் காலத்துச் சரக்கு.

சரி, கொடிக்கு வருவோம்.

காற்றில்லாத இடத்தில் கொடி தொங்கிப்போய் அசிங்கமாக இருக்கும் என்று நாசாக்காரர்களுக்கும் தெரியும். அதனால் துணியின் மேல் ஓரத்தில் மடித்துத் தைத்து, அதற்குள் ஒரு குறுக்குக் கம்பியை நுழைத்துவிட்டார்கள், வீட்டில் ஜன்னல் திரைக்குக் கம்பி கோப்பது போலத்தான். படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள், மேல் விளிம்பு நேர்கோடாக நிற்கும். அப்போலோ 11-ல் அந்தக் குறுக்குக் கம்பியை முழு நீளத்துக்கு இழுக்க முடியவில்லை, பாதியில் மாட்டிக்கொண்டது. கம்பி குட்டை, துணி நீளம். திரைச்சீலை போலச் சுருக்கம் விழத்தானே செய்யும்? போதாக்குறைக்கு நாள்கணக்கில் குழாய்க்குள் மடிந்து கிடந்த துணி அது. புது வேட்டியை விரித்தால் மடிப்புக் கோடு நிற்பதில்லையா, அதுபோல. ஆல்ட்ரின் கொடிக்கு சல்யூட் வைக்கும் படங்கள் அடுத்தடுத்து இரண்டு இருக்கின்றன. அவர் கை நிலை மாறியிருக்கும், கொடியின் சுருக்கங்கள் துளியும் மாறியிருக்காது. காற்றில் படபடக்கும் கொடி இரண்டு படங்களில் ஒரே மாதிரி விழுமா?

வீடியோவில் ஆடுகிறதே என்றால், ஆமாம், ஆடுகிறது. கம்பத்தை மண்ணில் திருகித் திருகி நடும்போது ஆடுகிறது. கையை எடுத்த பிறகும் சற்று நேரம் ஆடுகிறது, ஏனென்றால் பூமியில் ஆட்டத்தை நிறுத்துவதில் பெரும்பங்கு காற்றுக்குத்தான், அங்கே அது இல்லை. அப்புறம் நின்றுவிடுகிறது, யாராவது மறுபடி தொடும் வரை அசைவதில்லை.

கொடியை விட எனக்குப் பிடித்த சாட்சி புழுதி. நம் ஊர் மண் ரோட்டில் ஒரு மினி பஸ் போனால் என்ன ஆகும்? பின்னாலேயே ஒரு செம்மண் மேகம் எழுந்து, பஸ் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தரத்தில் மிதந்து, கடைசியில் நம் சட்டையில் வந்து படியும். பொடித் துகள்களைக் காற்றுதான் அப்படித் தாங்கிப் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது 1972 ஏப்ரலில் அப்போலோ 16-ல் ஜான் யங் வண்டி ஓட்டும் படச்சுருளைத் தேடிப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சக்கரத்திலிருந்து தூசி வாரி அடிக்கிறது, ஆனால் மேகம் இல்லை. ஒவ்வொரு துகளும் எறிந்த கல் மாதிரி வளைவாக மேலே போய் அதே வளைவில் கீழே விழுகிறது, மாவு போன்ற பொடிகூட. பூமியில் ஒரு ஸ்டுடியோவில் இப்படி எடுக்க வேண்டுமானால், வண்டி ஓட்டிச் சுற்றும் அளவுக்கு ஒரு மைதானத்தையே மூடி அதிலிருந்து காற்றை முழுதாக உறிஞ்ச வேண்டும். அவ்வளவு பெரிய வெற்றிட அறை அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. "ஸ்லோமோஷனில் ஓட்டியிருப்பார்கள்" என்று ஒரு பதில் உண்டு. ஸ்லோமோஷன் எல்லாவற்றையும் மெதுவாக்கும், புழுதி மேகத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிடாது. மெதுவாக மிதக்கும் மேகம்தான் கிடைக்கும். இன்றைக்கு என்றால் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் வரைந்துவிடலாம்; 1972-ல் அந்த வித்தை எங்கே இருந்தது?

இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றக் கேள்விகளில் பலவும் தானாகவே அவிழும், ஏனென்றால் அவை எல்லாமே காற்றும் ஈரமும் உள்ள ஊரில் பிறந்து வளர்ந்த நம் பழக்கத்திலிருந்து வருபவை. காலடித் தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமில்லாத மணலில் தடம் பதியாதே, அங்கே எப்படி அவ்வளவு தெளிவாகப் பதிந்தது? மெரினா மணலை ஒரு சிட்டிகை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அலையும் காற்றும் உருட்டித் தேய்த்து முனை மழுங்கியிருக்கும்; அதனால்தான் காய்ந்தால் வழுக்கி ஓடுகிறது. நிலவில் தேய்ப்பதற்கு ஆறும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் மோதி மோதி நொறுக்கிய தூள் அது, உடைந்த கண்ணாடிப் பொடி போல முனை முனையாக இருக்கும். அழுத்தினால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

அடுத்து, கலம் இறங்கிய இடத்தில் எஞ்சின் அடித்த வேகத்துக்குப் பெரிய குழி விழுந்திருக்க வேண்டாமா? இதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம், பள்ளிக்கூடக் கணக்குதான். இறங்கும் நேரத்தில் கலத்தின் நிறை சுமார் 7 டன். நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதால் எஞ்சின் தாங்கிப் பிடிக்க வேண்டியது பூமிக் கணக்கில் 1,200 கிலோ எடையைத்தான். எஞ்சினின் வாய் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம், அதாவது சுமார் 17,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு. வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிராம் வருகிறது. நீங்கள் 60 கிலோ என்றால், இரண்டு பாதங்களும் சேர்ந்து சுமார் 300 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சும்மா நிற்கும்போதே தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம் அழுத்துகிறீர்கள். உங்கள் காலடியில் கிணறா விழுகிறது? மேலாக இருந்த தூசி பறந்தது, அதை வீரர்களே இறங்கும்போது சொல்வது ஒலிப்பதிவில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23-ல் நம் சந்திரயான்-3 இறங்கியபோதும் நடந்தது இதேதான். விக்ரம் கலம் சுமார் 2 டன் தூசியை ஏறக்குறைய 108 சதுர மீட்டர் பரப்பில் விசிறி அடித்துத் தன்னைச் சுற்றி ஒரு வெளிர் வட்டத்தை உண்டாக்கியது என்று இஸ்ரோ கணக்குச் சொன்னது. பரவலாகப் பார்த்தால் ஒரு விரல் தடிமன் தூசி. குழி இல்லை.

நட்சத்திரம் ஏன் படத்தில் இல்லை என்பதற்குப் பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது. திருவிழா சமயத்தில் சீரியல் செட் எரியும் கோபுரத்தை ராத்திரியில் படம் எடுங்கள். கோபுரம் விழும், அதற்கு மேலே வானம் கறுப்பாக இருக்கும். வெளிச்சமான பொருளுக்கு கேமரா ஒரு கணம்தான் கண் திறக்கும், நட்சத்திரத்தின் மங்கல் ஒளிக்கு அது போதாது. அப்போலோ வீரர்கள் இறங்கியது நிலவின் பகலில், அதுவும் காலை வேளையில். வெள்ளை உடை, வெயில் அடிக்கும் தரை, ஷட்டர் திறந்திருந்தது ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு. காற்று இல்லாததால் வானம் நீலமாகச் சிதறாமல் கறுப்பாகத் தெரிகிறது, அதைப் பார்த்து நாம் ராத்திரி என்று எண்ணிவிடுகிறோம். நட்சத்திரமே எடுக்கவில்லை என்பதும் சரியல்ல. அப்போலோ 16-ல் ஜார்ஜ் கரூதர்ஸ் வடிவமைத்த ஒரு புறஊதாக் கேமராவை நிலவில் நிறுத்தி, நீண்ட நேரம் திறந்து வைத்து, நட்சத்திரங்களையும் பக்கத்து அண்டமான பெரிய மெகல்லானிக் மேகத்தையும் எடுத்தார்கள். அழகான படங்கள் இல்லை, அதனால் யாரும் பகிர்வதில்லை.

நிழல்கள் வேறு வேறு திசையில் போகின்றன, பல விளக்குகள் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. பல விளக்குகள் போட்டால் என்ன ஆகும் என்பதை ராத்திரி கிரிக்கெட் பார்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு ஆட்டக்காரரின் காலைச் சுற்றியும் நாலைந்து நிழல் பூ மாதிரி விரிந்து கிடக்கும். அப்போலோ படங்களில் ஆளுக்கு ஒரு நிழல்தான். மேடு பள்ளமான தரையில் அது வளைகிறது. தண்டவாளம் தூரத்தில் சேர்வது போல நீண்ட நிழல்களும் பார்வைக்குச் சாய்ந்து தெரிகின்றன. அவ்வளவுதான்.

கதிர்வீச்சு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூமியைச் சுற்றி வான் ஆலன் பட்டைகள் என்று மின்னூட்டத் துகள்கள் நிறைந்த வளையங்கள் உண்டு, 1958-ல் கண்டுபிடித்தது. அதைத் தாண்டினால் செத்துவிடுவார்கள் என்பது வாதம். நெருப்புக்குள் கையைச் சட்டென்று விட்டு எடுப்பதற்கும் கையை வைத்துக்கொண்டே இருப்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? அடர்த்தியான நடுப்பகுதியை ஒதுக்கி, சில மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். வீரர்கள் அணிந்திருந்த அளவிகள் காட்டிய மொத்தக் கதிர்வீச்சு, அதிகபட்சமான அப்போலோ 14-ல்கூட, ஒன்றிரண்டு சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொண்ட அளவுதான்.

படங்களை விடுங்கள். படம் எதையும் இன்றைய காலத்தில் யாரும் நம்ப வேண்டாம். கல்லுக்கு வாருங்கள்.

ஆறு பயணங்களிலும் சேர்த்து 382 கிலோ கல்லும் மண்ணும் வந்தன. உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், மும்பையில் இருக்கும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் ஆட்களும் வாங்கி ஆராய்ந்தார்கள். அந்தக் கற்களில் நீர் பட்ட தடம் இல்லை, அதாவது பூமிக் கல்லில் சாதாரணமாகப் பார்க்கும் களிமண் கனிமங்கள் இல்லை. மேல்பரப்பில் ஊசி குத்தியது போல நுண்ணிய குழிகள் இருந்தன, தூசி அளவு விண்கற்கள் அசுர வேகத்தில் மோதியவை. காற்றுள்ள கிரகத்தில் அவை மேலேயே எரிந்துபோகும், தரைக்கு வராது. உள்ளே காஸ்மிக் கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் துளைத்த தடங்கள். ஒரு கூடை கல்லை உலையில் போட்டு இப்படிச் சமைக்க முடியாது, இன்றைக்கும் முடியாது. "அண்டார்டிகாவில் விழுந்த நிலவு விண்கற்களைப் பொறுக்கி வந்து காட்டினார்கள்" என்று ஒரு கெட்டிக்கார வாதம் உண்டு. அதில் ஒரு வேடிக்கை: நிலவிலிருந்து வந்தது என்று முதன்முதலில் ஒரு விண்கல்லை அடையாளம் கண்டதே 1982-ல் கிடைத்த கல்லை வைத்துத்தான், அதுவும் எப்படி? அப்போலோ கற்களோடு ஒப்பிட்டு. மேலும் விண்கல் நம் காற்றைக் கிழித்து வரும்போது மேல்தோல் கருகிப்போகும், அப்போலோ கற்களில் அந்தக் கருகல் இல்லை.

நம் பக்கமும் இதில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. சந்திரயான்-2-க்காக இறங்கும் கலத்தையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற பொடி டன் கணக்கில் தேவைப்பட்டது. கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி. அங்கே கிடக்கும் அனார்த்தோசைட் பாறை நிலவின் மேட்டுநிலக் கல்லை ஒத்தது; அதை அரைத்துப் பொடியாக்கி பெங்களூரில் ஒரு செயற்கை நிலவுத் தரை போட்டார்கள். மேட்டுநிலக் கல் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அளவுகோலாக இருந்தவை அப்போலோ 16 போன்ற பயணங்களில் வந்த மண் மாதிரிகள். பிறகு சந்திரயான்-3-ன் ரோவர் தென் துருவப் பக்கம் தானே மண்ணை அளந்தபோதும் அதே அனார்த்தோசைட் வகைதான் வந்தது. அப்போலோ கற்கள் போலி என்றால் இந்தக் கணக்கு எப்படி நேராகும்?

இனி ரஷ்யாக்காரர்கள். அன்று சோவியத் யூனியன் அமெரிக்காவோடு முறைத்துக்கொண்டு நின்ற காலம். நிலவுக்கு ஆள் அனுப்ப அவர்களும் ராட்சத ராக்கெட் கட்டி நான்கு முறை ஏவிப் பார்த்து நான்கும் தோற்றன. அப்போலோ 11 புறப்படுவதற்கு 3 நாள் முன்னால் அவர்கள் லூனா 15 என்ற ஆளில்லாக் கலத்தை அனுப்பினார்கள், முந்திப்போய் மண் அள்ளி வந்துவிடலாம் என்று. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இன்னும் நிலவில் இருக்கும்போதே, ஜூலை 21-ல், அது வேறொரு பக்கத்தில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கி இரண்டு கலங்களின் சமிக்ஞைகளையும் கேட்டுக்கொண்டிருந்தது. ரேடியோ அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை ஆன்டெனாவைத் திருப்பியே தெரிந்துகொள்ளலாம், மறைக்க முடியாது. அமெரிக்கா ஏமாற்றியிருந்தால் மாஸ்கோ பத்திரிகைகள் அடுத்த நாளே நார் நாராகக் கிழித்திருக்கும். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. திட்டத்தில் வேலை பார்த்தவர்களே சுமார் 4 லட்சம் பேர். இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இல்லை, பூசணித் தோட்டத்தையே மறைக்கிற வேலை.

"அப்படியானால் ஏன் 1972-க்கு அப்புறம் போகவில்லை?" என்று கேட்பார்கள். காசு. 1966-ல் அமெரிக்க அரசு செலவழித்த ஒவ்வொரு 100 டாலரிலும் 4 டாலருக்கு மேல் நாசாவுக்குப் போனது. இன்று அரை டாலர்கூடப் போவதில்லை. ஓட்டத்தில் ஜெயித்தாகிவிட்டது, வியட்நாம் போர் வேறு கஜானாவைக் கரைத்துக்கொண்டிருந்தது, திட்டமிட்ட அப்போலோ 18, 19, 20 மூன்றையும் ரத்து செய்துவிட்டார்கள். ஒருமுறை செய்த காரியத்தை மனிதன் தொடர்ந்து செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. கடலின் ஆகப் பெரிய ஆழமான மரியானா அகழியின் அடிக்கு 1960-ல் இருவர் போனார்கள், அடுத்த மனிதர் போனது 2012-ல். ஒலியை மிஞ்சிப் பறந்த கான்கார்ட் பயணி விமானம் 2003-ல் நின்றது, அதற்கு வாரிசு இன்னும் பயணிகளோடு பறக்கவில்லை.

சந்தேகக்காரர்கள் சொல்வதில் உண்மையானவையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்போலோ 11-ன் நேரடி ஒளிபரப்பு முதலில் பதிவான மூல நாடாக்கள் இன்று இல்லை. நாசாவே அவற்றை அழித்து வேறு பதிவுக்குப் பயன்படுத்திவிட்டது. அசிங்கமான அலட்சியம்தான். ஆனால் அதே ஒளிபரப்பின் பிரதிகள் பல இடங்களில் இருக்கின்றன, மற்ற ஐந்து பயணங்களின் பதிவுகள் இருக்கின்றன. அதேபோல, அப்போலோ 11, 14, 15 நிலவில் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் இன்றும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள் (நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது என்பது இப்படித்தான் தெரிந்தது), இதை ஆதாரமாக அடிக்கடி நீட்டுவார்கள். நான் அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன், ரஷ்யா ஆளில்லா வண்டிகளிலேயே அப்படிப்பட்டவற்றை வைத்திருக்கிறது.

"ஆம்ஸ்ட்ராங் முதல் அடி வைப்பதை வெளியே நின்று எடுத்தது யார்?" என்பதை விட்டுவிட்டேன் பாருங்கள். யாரும் இல்லை. கலத்தின் பக்கவாட்டில் ஒரு மடிப்புத் தட்டில் கேமரா பொருத்தியிருந்தது, ஏணியில் இறங்கும்போது ஆம்ஸ்ட்ராங் ஒரு பிடியை இழுத்ததும் தட்டு திறந்துகொண்டது. அப்போலோ 17 கிளம்பி மேலே போவதைக் கேமரா தலை தூக்கிப் பின்தொடர்கிறதே, அது ஹூஸ்டனில் உட்கார்ந்து எட் ஃபென்டெல் இயக்கியது. சமிக்ஞை போய்ச்சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும் என்பதால், படத்தைப் பார்த்து இயக்கினால் தாமதமாகிவிடும், முன்கூட்டியே கணக்குப் போட்டு ஆணையை அனுப்பினார். அப்போலோ 15, 16 இரண்டிலும் முயன்று சரியாக வரவில்லை, மூன்றாவது தடவைதான் அமைந்தது. அப்போலோ 12-ல் இன்னும் மோசம், ஆலன் பீன் டிவி கேமராவைத் தவறுதலாகச் சூரியன் பக்கம் திருப்பிவிட, அது கருகி, மிச்ச நடை முழுக்க ஒளிபரப்பே இல்லை. ஸ்டுடியோவில் எடுத்த படம் என்றால் டைரக்டர் இன்னொரு டேக் போயிருக்க மாட்டாரா?

இறங்கிய இடங்களை மேலிருந்து பார்த்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். 2008-ல் நிலவைச் சுற்றிய ஜப்பானின் காகுயா கலம், அப்போலோ 15 இறங்கிய இடத்தில் எஞ்சின் கலைத்த வெளிர் வட்டத்தைக் கண்டது. 2009-ல் கிளம்பிய, எல்.ஆர்.ஓ. என்ற நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம், இறங்கிய கலத்தின் அடிப்பாகத்தையும் வீரர்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைகளையும் எடுத்தது. நாசா படத்தை நம்ப மாட்டேன் என்பவருக்கு, 2021-ல் நம் சந்திரயான்-2-ன் கேமராவும் அப்போலோ 11-ன் அடிப்பாகத்தை எடுத்திருக்கிறது.

எல்.ஆர்.ஓ. படங்களை வெவ்வேறு வெயில் நேரங்களில் எடுத்து ஒப்பிட்டபோது கொடிகளின் நிழலும் அகப்பட்டது. அப்போலோ 12, 16, 17 இடங்களில் நிழல் சூரியனோடு சேர்ந்து சுற்றி வருகிறது, அதாவது கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. வெயிலின் புறஊதாக் கதிரில் துணி இத்தனை ஆண்டில் வெளுத்து வெள்ளையாகியிருக்கும். அப்போலோ 11 இடத்தில் மட்டும் கொடி நிழல் இல்லை. 1969-லேயே ஆல்ட்ரின் சொல்லியிருந்தார், கலம் கிளம்பும்போது எஞ்சினிலிருந்து பாய்ந்த வாயு பட்டுக் கொடி சாய்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று. கலத்துக்கு மிகப் பக்கத்தில் நட்டுவிட்டிருந்தார்கள்.